கண் செய்யாத குற்றம்

1762ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் தேதி ஜான் எண்டிக் என்ற எழுத்தாளரின் வீட்டுக்குள் மன்னரின் சேவகர்கள் நால்வர் நுழைந்தார்கள். எண்டிக் பள்ளி ஆசிரியர், அகராதி தொகுத்தவர். அரசைக் கடுமையாக விமர்சித்து வந்த 'மானிட்டர்' என்ற வார இதழில் எழுதுகிறவர் அவர்தான் என்பது அரசின் சந்தேகம். வந்தவர்கள் நான்கு மணி நேரம் அங்கே இருந்தார்கள். பூட்டுகளை உடைத்தார்கள், பெட்டிகளைத் திறந்தார்கள், அந்தரங்கக் காகிதங்களை உட்கார்ந்து வாசித்தார்கள், வேண்டியதை அள்ளிக்கொண்டு போனார்கள். அவர்கள் கையில் அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் பிரபு கையொப்பமிட்ட ஆணை இருந்தது. எண்டிக் சும்மா இருக்கவில்லை. வழக்குத் தொடுத்தார். ஜூரிகள் அவருக்கு 300 பவுண்டு இழப்பீடு வழங்கினார்கள். அப்படி ஓர் ஆணையைப் பிறப்பிக்க அமைச்சருக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று 1765இல் தலைமை நீதிபதி கேம்டன் பிரபு தீர்ப்பளித்தார்.

அரசின் கைக்கும் குடிமகனின் மேசைக்கும் இடையில் எழுப்பப்பட்ட முதல் உறுதியான சுவர்களில் ஒன்றாக இந்தத் தீர்ப்பைச் சட்ட வரலாற்றாசிரியர்கள் கொண்டாடுவது வழக்கம். கொண்டாட வேண்டியதும்தான். ஆனால் அதே தீர்ப்பில், பேச்சோடு பேச்சாக, கேம்டன் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். பிறர் நிலத்தில் அனுமதியின்றிக் கால் வைப்பது, ஒரு புல்லும் சேதமாகாவிட்டாலும், அத்துமீறல். ஆனால் இங்கிலாந்தின் சட்டப்படி கண் அத்துமீற முடியாது. எண்டிக்கின் காகிதங்களை எடுத்துச் சென்றது குற்றம். அவை இரகசியமானவை என்பது அந்தக் குற்றத்தை இன்னும் பெரிதாக்குகிறது. வெறும் பார்வை மட்டுமே என்றால் அது வழக்காகாது.

'கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது' என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். கட்டி முடியாத வீட்டின் முகப்பில் பூசணிக்காயையும் பொம்மையையும் தொங்கவிடுகிற நமக்கு, கண்ணால் ஒரு தீங்கும் இல்லை என்கிற சட்டக் கோட்பாடு வினோதமாகவே தோன்றும். கேம்டன் காலத்து இங்கிலாந்தில் அதில் ஒரு நியாயம் இருந்தது. அன்று கண் என்பது ஒரு மனிதனின் முகத்தில் பொருத்தப்பட்டிருந்தது. அது இருக்கும் இடத்தில் அந்த மனிதனின் காலும் இருந்தாக வேண்டும். காலைத் தடுத்தால் கண்ணும் தானாகத் தடைபடும். கால் இல்லாமல் கண் மட்டும் பயணம் போகும் காலம் வரும் என்று அவர் எண்ணிப் பார்த்திருக்க வழியில்லை. அந்தக் காலத்தை முதலில் சந்தித்து, அது குறித்து ஏராளமாகத் தீர்ப்பெழுதிக் குவித்திருக்கும் நாடு அமெரிக்கா. காவல்துறை டிரோன்களைப் பற்றிய அந்நாட்டுச் சட்டங்கள் இன்று ஏன் இத்தனை முரண்பட்டுக் கிடக்கின்றன என்று தேடிப் போனால், வழி கேம்டனின் அந்த வரியில் போய் முடிகிறது.

1791இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசியல் சாசனத்தின் நான்காம் திருத்தம் மனிதரின் உடல், வீடு, காகிதங்கள், உடைமைகள் ஆகியவற்றை நியாயமற்ற சோதனையிலிருந்து காக்கிறது. எண்டிக்கின் வழக்கை அந்தத் தலைமுறையினர் நன்கு அறிந்திருந்தனர். வீட்டோடு வீட்டை ஒட்டிய முற்றமும் கொல்லையும் இந்தக் காப்பில் அடங்கும். அதற்கு அப்பால் உள்ள திறந்த வயல்வெளி அடங்காது. தரையைப் பொறுத்தவரை இவ்வளவு தெளிவு போதும். வானம்தான் சிக்கல்.

நிலத்துக்கு உரியவனுக்கே அதற்கு மேலுள்ள ஆகாயமும் சொந்தம் என்பது பழைய சட்ட மரபு. அதை முடித்து வைத்தவை கோழிகள் என்றால் வேடிக்கையாக இருக்கும், ஆனால் உண்மை. வட கரோலினா மாநிலத்தில் கிரீன்ஸ்பரோ நகருக்கு அருகே காஸ்பி குடும்பத்தினர் 2.8 ஏக்கர் நிலத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பக்கத்து விமான நிலையத்தை இராணுவம் பயன்படுத்தத் தொடங்கியது. குண்டுவீச்சு விமானங்கள் அவர்களுடைய வீட்டுக்கு 67 அடி உயரத்தில், மிக உயர்ந்த மரத்துக்கு வெறும் 18 அடி உயரத்தில் பறந்தன. பயந்துபோன கோழிகள் சுவரில் மோதிச் செத்தன; ஒரே நாளில் பத்து வரை. மொத்தம் சுமார் 150 கோழிகள். குடும்பத்தாருக்குத் தூக்கம் போயிற்று, தொழிலும் போயிற்று. 1946இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி டக்ளஸ் எழுதிய தீர்ப்பு இரண்டு காரியங்களைச் செய்தது. வானம் பொது நெடுஞ்சாலை என்று அறிவித்து, ஆகாயம் முழுதும் நிலக்காரனுக்கே என்ற பழைய கோட்பாட்டுக்கு நவீன உலகில் இடமில்லை என்றது. அதே மூச்சில், நிலத்தை அனுபவிக்கத் தேவையான அளவு தாழ்வான வெளி நிலக்காரனுடையதே என்றும் கூறி, காஸ்பிக்கு இழப்பீட்டு உரிமை தந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, எதற்கு இழப்பீடு என்பதுதான். இரைச்சலுக்கு, இரவில் கண்ணைக் கூசிய விளக்குக்கு, செத்த கோழிகளுக்கு. அந்த விமானங்களிலிருந்து யாராவது காஸ்பியின் வீட்டைப் பார்த்தார்களா என்று எவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய வழக்கும் அல்ல அது. ஆனால் பார்வையைப் பற்றிய வழக்குகள் பின்னால் வந்தபோது, வானம் பொது நெடுஞ்சாலை என்ற பாதி மட்டும் நீதிமன்றங்களின் நினைவில் தங்கியது.

இடையில் 1967இல் ஒரு நல்ல காரியம் நடந்தது. பொதுத் தொலைபேசிக் கூண்டின் வெளிப்புறத்தில் ஒட்டுக்கேட்கும் கருவியைப் பொருத்திய ஒரு வழக்கில், நான்காம் திருத்தம் காப்பது மனிதர்களை, இடங்களை அல்ல என்றது உச்ச நீதிமன்றம். இது காட்ஸ் வழக்கு. நீதிபதி ஹார்லன் இதற்கு ஓர் அளவுகோலையும் தந்தார்: ஒருவர் அந்தரங்கத்தை எதிர்பார்த்தாரா, அந்த எதிர்பார்ப்பைச் சமூகம் நியாயமென்று ஏற்குமா? காலைப் பற்றிய கேள்வி ஒழிந்து, மனிதனைப் பற்றிய கேள்வி வந்துவிட்டது என்றே பலரும் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை பத்தொன்பது ஆண்டுகள்தான் நீடித்தது. 1982இல் கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாராவில் ஒருவர் கொல்லையில் கஞ்சா வளர்ப்பதாகக் காவல்துறைக்குப் பெயரற்ற தகவல் வந்தது. அவரோ கொல்லையைச் சுற்றி 6 அடியில் ஒரு வேலியும், அதற்குள்ளே 10 அடியில் இன்னொரு வேலியும் போட்டிருந்தார். தரையிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. காவலர்கள் ஒரு தனியார் விமானத்தை அமர்த்திக்கொண்டு 1,000 அடி உயரத்தில் பறந்து, செடிகளை அடையாளம் கண்டு, சாதாரண 35 மி.மீ. கேமராவில் படம் எடுத்தார்கள். சோதனை வாரண்ட் அதற்குப் பிறகுதான் வந்தது. 1986இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் இதை அனுமதித்தது. தலைமை நீதிபதி பர்கரின் வாதம் எளிமையானது: அந்த உயரத்தில் யாரும் பறக்கலாம், பறக்கிற எவரும் கீழே குனிந்தால் அதைப் பார்த்திருக்கலாம், எனவே காவலர் பார்த்ததில் தவறில்லை.

நீதிபதி பவல் இதற்கு எழுதிய மாறுபட்ட தீர்ப்பு எளிமையான ஓர் உண்மையைச் சொல்கிறது. பயணிகள் விமானத்தில் போகிறவர் காண்பது ஒரு கணநேரக் காட்சி. கீழே கிடக்கும் நிலப்பரப்பை யாருடைய கொல்லை என்று தெரியாமல் அவர் பார்க்கிறார். குறிப்பிட்ட ஒருவரின் கொல்லையைத் தேடிக்கொண்டு எவரும் விமானம் ஏறுவதில்லை, காவலரைத் தவிர. அதே நாளில் வந்த இன்னொரு தீர்ப்பில், மிச்சிகனில் 2,000 ஏக்கர் இரசாயனத் தொழிற்சாலை ஒன்றை 22,000 டாலருக்கும் அதிக விலையுள்ள வரைபடக் கேமராவால் விமானத்திலிருந்து படமெடுத்ததையும் நீதிமன்றம் சரியென்றது. படத்தைப் பெரிதாக்கினால் அரை அங்குலக் கம்பிகூடத் தெரிந்தது.

மூன்றாண்டுகளில் உயரம் இன்னும் இறங்கியது. ஃபுளோரிடாவின் பாஸ்கோ மாவட்டத்தில் ஒரு கொல்லையில் செடி வளர்க்கும் கூடாரம். அதன் கூரையில் இரண்டு தகடுகள் இல்லை. 400 அடியில் ஹெலிகாப்டரில் வட்டமடித்த காவலர் அந்த இடைவெளி வழியாகக் கஞ்சாச் செடிகளைப் பார்த்துவிட்டார். 1989இல் வந்த ஃபுளோரிடா எதிர் ரைலி தீர்ப்பில் எந்தக் கருத்துக்கும் ஐந்து நீதிபதிகள் முழுமையாக உடன்படவில்லை. நால்வர் சார்பாக எழுதிய வைட், ஹெலிகாப்டர் அந்த உயரத்தில் பறப்பது விதிகளுக்கு உட்பட்டதே என்றார். கூடவே இங்கே குடும்ப வாழ்வின் நுணுக்கங்கள் எவையும் பார்க்கப்படவில்லை, பெருத்த இரைச்சல் இல்லை, காற்று இல்லை, தூசி இல்லை, காயம் படும் அபாயமும் இல்லை என்று சேர்த்துக்கொண்டார். ஐந்தாவது வாக்கைத் தந்த ஓ'கானர் அம்மையார் விதிகளைப் பொருட்படுத்தவில்லை. பொதுமக்கள் அந்த உயரத்தில் அடிக்கடி பறக்கிறார்களா என்பதே கேள்வி என்றார். பறப்பதில்லை என்று நிரூபிக்கும் சுமையைக் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் வைத்தார். கொல்லையில் உட்கார்ந்து ஹெலிகாப்டர்களை எண்ணிக்கொண்டிருப்பது குடிமகனின் கடமையாயிற்று.

இந்த வழக்கில் நீதிபதி பிரென்னன் எழுதிய மாறுபட்ட தீர்ப்பை இலக்கிய வாசகர்கள் தேடிப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். காற்று, தூசி, இரைச்சல் என்று வைட் அடுக்கிய பட்டியலை அவர் கையில் எடுத்துக்கொள்கிறார். ஓர் அதிசயக் கருவியை நினைத்துப் பாருங்கள் என்கிறார்: சுவர் சூழ்ந்த முற்றத்துக்கு நேர் மேலே, இரைச்சல் எழுப்பாமல், காற்று வீசாமல், தூசி கிளப்பாமல், யாருக்கும் ஆபத்து இல்லாமல் ஒரு ஹெலிகாப்டர் அசையாது நிற்கிறது. உங்கள் தர்க்கப்படி அதுவும் குற்றமில்லை அல்லவா? நான்காம் திருத்தம் கவலைப்படுவது தூசியைப் பற்றியா?

எதிராளியின் தர்க்கத்தைக் கேலிக்குரிய எல்லை வரை இழுத்துக் காட்டுவதற்காகவே அவர் இந்தக் கருவியைக் கற்பனை செய்தார். நடக்கப் போவதைச் சொல்லவில்லை. ஆனால் இன்று எந்த மின்னணுக் கடையிலும் அது பெட்டியில் கிடைக்கிறது. தீர்ப்பின் முடிவில் பிரென்னன் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக் காட்டினார். அதில் ஒரு காவல் ஹெலிகாப்டர் வீட்டு ஜன்னல்களை எட்டிப் பார்க்கிறது. நாவல் வெளிவந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. நீதிபதியின் மேற்கோள் அவர் பக்கத்துக்கு ஒரு வாக்கைக்கூடக் கூடுதலாகப் பெற்றுத் தரவில்லை.

இந்தக் கதையில் ஒரு தற்செயல் உண்டு. 2016இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் சிறிய டிரோன்களுக்கான விதிகளைக் கொண்டுவந்தபோது, அவை பறக்கக்கூடிய உச்ச உயரமாக வைத்தது பொதுவாகத் தரையிலிருந்து 400 அடி. ரைலி வழக்கில் ஹெலிகாப்டர் இறங்கி வந்த தளம் எதுவோ, அதுவே டிரோனுக்குக் கூரை. பொதுமக்கள் பறக்கலாம் என்றால் காவலர் பார்க்கலாம் என்ற 1986ஆம் ஆண்டுத் தர்க்கத்தை அப்படியே நீட்டினால், 400 அடிக்குக் கீழே மிச்சம் இருப்பது வேலியின் உச்சி மட்டும்தான்.

உச்ச நீதிமன்றம் முழுக்க ஒரே திசையில் போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2001இல், வீட்டுச் சுவரின் வெப்பத்தை வெளியிலிருந்து கருவியால் அளந்து உள்ளே கஞ்சா விளக்கு எரிவதைக் கண்டுபிடித்த கைலோ வழக்கில், அது சோதனைதான், வாரண்ட் வேண்டும் என்றது. எழுதியவர் ஸ்காலியா. கேம்டனின் 'கண்' வரியை அவர் அங்கே மேற்கோள் காட்டுகிறார், வெறும் பார்வை காலங்காலமாகச் சட்டப்படி குற்றமற்றதாக இருந்தது என்பதற்கு ஆதாரமாக. ஆனால் பொதுப் புழக்கத்தில் இல்லாத கருவி அந்த வரிக்குள் வராது என்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது. பொதுப் புழக்கத்துக்கு வந்துவிட்டால்? கருவி மலிவாக மலிவாக உரிமை சுருங்கும் என்ற விபரீதம் அந்தச் சொற்றொடருக்குள் ஒளிந்திருக்கிறது. பிறந்தநாள் பரிசாக டிரோன் வாங்கித் தரும் நாட்டில் இது சிறிய விஷயமல்ல.

2011 ஜூன் மாதம் வட டகோட்டாவில் ஆறு மாடுகள் வழி தவறி ஒரு விவசாயியின் நிலத்துக்குள் போயின. மாடுகளைத் திருப்பித் தர அவர் மறுத்தார்; காவலர்களை அவருடைய குடும்பத்தார் துப்பாக்கியுடன் எதிர்கொண்டதாகச் சொல்லப்பட்டது. மாவட்டக் காவல் அதிகாரி எல்லைக் காவல் துறையிடம் இருந்த பிரிடேட்டர் வகை ஆளில்லா விமானத்தின் உதவியைப் பெற்றார். குடும்பத்தினர் ஆயுதமின்றி இருப்பதை அது மேலிருந்து பார்த்துச் சொன்ன பிறகு கைது நடந்தது. ஆப்கானிஸ்தானில் போருக்குப் பயன்பட்ட வகை விமானம் ஆறு மாடுகளுக்காகப் பறந்த செய்தி அந்த ஆண்டு டிசம்பரில் நாளிதழில் வெளியானபோது நாடு முழுவதும் சலசலப்பு. 1946இல் கோழி, 2011இல் மாடு. அமெரிக்க வான்சட்டத்தின் வரலாற்றைக் கால்நடைகளை வைத்தே எழுதிவிடலாம் போலிருக்கிறது.

அதன் பிறகு மாநிலச் சட்டமன்றங்கள் விழித்துக்கொண்டன. 2013இல் வர்ஜீனியா காவல்துறை டிரோன்களுக்கு, அவசரத் தேவைகள் நீங்கலாக, இரண்டு ஆண்டு தடை விதித்தது. சியாட்டில் நகரில் மக்கள் எதிர்ப்பு கிளம்பியதும் மேயர் திட்டத்தையே கைவிட்டார். வாங்கிய இரண்டு டிரோன்களும் மறு ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறைக்குப் போய்ச் சேர்ந்தன. ஃபுளோரிடா, இல்லினாய் உட்படப் பல மாநிலங்கள் டிரோனால் சாட்சியம் திரட்ட வாரண்ட் தேவை என்று சட்டம் செய்தன. ஃபுளோரிடாவைக் கவனியுங்கள். ரைலி வழக்கு பிறந்த மண் அது. அங்கே காவலர் ஹெலிகாப்டரில் உட்கார்ந்து 400 அடியிலிருந்து கொல்லையைப் பார்க்க உச்ச நீதிமன்றத்தின் அனுமதி உண்டு. அதே உயரத்தில் அதே கொல்லையைப் பார்க்க டிரோனை அனுப்பினால் நீதிபதியிடம் போக வேண்டும். சட்டமன்றத்துக்கு டிரோன் அச்சமூட்டியது, ஹெலிகாப்டர் பழகிப்போயிருந்தது. வேறு காரணம் எனக்குத் தென்படவில்லை.

விலக்குகளும் உடனுக்குடன் வந்தன. ஃபுளோரிடாவே 2021இல், 50 பேரோ அதற்கு மேலோ கூடும் கூட்டத்தை மேலிருந்து பார்க்கக் காவல்துறைக்கு வழி திறந்துவிட்டது. சிகாகோவை அடுத்த ஹைலண்ட் பார்க்கில் 2022 ஜூலை 4ஆம் தேதி ஊர்வலத்தின்மீது கூரையிலிருந்து ஒருவன் சுட்டதில் ஏழு பேர் இறந்தார்கள். மறு ஆண்டு இல்லினாய் ஊர்வலங்களின் மேல் டிரோன் பறக்கலாம் என்று சட்டத்தைத் திருத்தியது. அந்தக் கூரையை நினைத்தால் திருத்தத்தை எளிதில் பழிக்க முடியவில்லை. வட டகோட்டாவில் நடந்தது வேறு ரகம். 2015இல், காவல் டிரோன்களில் எந்த ஆயுதமும் கூடாது என்று எழுதப்பட்ட மசோதா, காவலர் தரப்பின் வற்புறுத்தலுக்குப் பிறகு, உயிர் பறிக்கும் ஆயுதம் மட்டும் கூடாது என்று மாறிச் சட்டமாகியது. கண்ணீர்ப்புகைக்குத் தடையில்லை.

டெக்சாஸ் கதை இன்னும் விசித்திரம். 2012இல் டாலஸ் அருகே பொழுதுபோக்காக டிரோன் பறக்கவிட்ட ஒருவர் எடுத்த படங்களில் டிரினிட்டி ஆற்றுப் பக்கம் சிவப்பாகத் தெரிந்தது. இறைச்சித் தொழிற்கூடம் ஒன்றிலிருந்து வந்த பன்றி இரத்தம் அது. மறு ஆண்டு மாநிலம் இயற்றிய டிரோன் சட்டம், பிறர் நிலத்தைக் கண்காணிக்கும் நோக்குடன் டிரோனால் படமெடுப்பதைக் குற்றமாக்கியது. காவல்துறைக்கு நீண்ட விலக்குப் பட்டியல் கொடுத்தது. பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் வழக்குத் தொடுத்து 2022இல் கீழ் நீதிமன்றத்தில் வென்றார்கள். 2023இல் மேல்முறையீட்டில் தோற்றார்கள். கண் அத்துமீறாது என்ற கேம்டனின் சலுகை டெக்சாஸில் குடிமகனிடமிருந்து பறிக்கப்பட்டது, அரசின் கண்ணுக்குத் தாராளமாக விடப்பட்டது.

கலிஃபோர்னியாவில் வாரண்ட் கோரும் மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியும் 2014இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட மறுத்தார். அந்த மாநிலத்தின் தென்கோடியில், மெக்சிகோ எல்லைக்கு அருகே உள்ள சூலா விஸ்டா நகரம்தான் 2018இல் அவசர அழைப்பு வந்ததும் காவலருக்கு முன்னால் டிரோனை அனுப்பும் முறையைத் தொடங்கியது. இன்று பல நகரங்களுக்கு அது முன்மாதிரி. உள்ளூர்ப் பத்திரிகைப் பதிப்பாளர் ஒருவர், 2021 மார்ச் மாதத்தில் டிரோன்கள் எடுத்த காணொளிகளைப் பொதுப் பதிவேடுகள் சட்டத்தின்கீழ்க் கேட்டார். எல்லாமே புலன்விசாரணைப் பதிவுகள், தர முடியாது என்றது நகரம். அப்படி ஒட்டுமொத்தமாக மறுக்க முடியாது என்று 2023 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு பார்த்ததைக் குடிமகன் திரும்பப் பார்க்கலாமா என்ற கேள்வி எண்டிக்கின் காலத்தில் எழுந்ததே இல்லை.

பார்வையின் நீளத்தை எடைபோட்ட தீர்ப்பு பால்டிமோர் நகரிலிருந்து வந்தது. அங்கே 2020இல் ஆறு மாதம் விமானங்கள் நகரின் மேல் சுற்றி, விநாடிக்கு ஒரு படமாக, ஒரு படத்தில் 32 சதுர மைலாக, நகரின் ஏறத்தாழ 90 சதவிகிதத்தைப் பதிவு செய்தன. படத்தில் மனிதன் ஒரு புள்ளி, முகம் தெரியாது. ஆகவே அந்தரங்கம் எங்கே பாதிக்கப்பட்டது என்று காவல்துறை கேட்டது. 2021 ஜூனில் நான்காம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் எட்டுக்கு ஏழு என்ற கணக்கில் பதில் சொன்னது: அந்தப் புள்ளி இரவில் எந்த வீட்டுக்குள் போகிறது, காலையில் எந்த வீட்டிலிருந்து வெளியே வருகிறது என்று 45 நாள் பதிவில் பின்தொடர்ந்தால் அது யாரென்று தெரிந்துவிடும். செல்பேசி இருப்பிடப் பதிவுகளுக்கு வாரண்ட் வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னதே இதற்கு அடிப்படை. ஒரு பார்வைக்கும் ஆயிரம் பார்வைகளின் தொகுப்புக்கும் உள்ள வேறுபாட்டை, 1765க்குப் பிறகு ஒருவழியாக, ஒரு நீதிமன்றம் வானத்தை வைத்தே பேசியது.

ஆனால் டிரோன் என்ற சொல்லோடு நேருக்கு நேர் நின்ற வழக்கு ஒன்று நழுவிப் போயிற்று. மிச்சிகனில் ஓர் ஊராட்சி, ஒரு குடும்பத்தின் நிலத்தில் பழைய பொருட்கள் குவிந்திருக்கின்றனவா என்றறிய வாரண்ட் இல்லாமல் டிரோனை ஏவியது. டிரோன் விமானத்தைப் போன்றதல்ல, இது சோதனைதான் என்று 2021இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னபோது பலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 2024இல் மாநில உச்ச நீதிமன்றம், அது சோதனையாகவே இருந்தாலும் இத்தகைய உரிமையியல் வழக்கில் அந்தப் படங்களை ஒதுக்கத் தேவையில்லை என்று கூறி, மூலக் கேள்விக்கு விடை எழுதாமலே கோப்பை மூடியது.

அதே 2024 மார்ச்சில் அலாஸ்கா உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது பழைய பாணி வழக்கு. ஃபேர்பேங்ஸ் வட்டாரத்தில், மரங்கள் அடர்ந்த நிலத்தில் ஒரு வீடு. வாயிலில் கதவு, உள்ளே வராதே என்ற பலகை. 2012இல் மாநிலக் காவலர்கள் சிறிய விமானத்தில் 600 அடிக்குக் குறையாத உயரத்தில் பறந்து, 280 மி.மீ. லென்ஸால் அங்கிருந்த செடிக் கூடாரத்தைப் படமெடுத்தார்கள். அலாஸ்காவில் சாலைகள் குறைவு, சிறு விமானங்கள் அதிகம். பேருந்தைப் போல விமானம் ஏறுகிற மக்கள். ஓ'கானரின் கணக்குப்படி எண்ணினால் அங்கே எவருக்கும் வானத்திலிருந்து மறைப்பே கிடையாது. நீதிமன்றம் அந்தக் கணக்கை ஏற்க மறுத்தது. எவரோ ஒருவர் பறந்து போகையில் எதையோ கண்டுவிடலாம் என்பதால், காவலர் தேடி வந்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் உற்றுப் பார்க்க உரிமை வந்துவிடாது. கொல்லையைப் பொறுத்தவரை வாரண்ட் வேண்டும் என்றது. தன் மாநிலச் சாசனம் அந்தரங்கத்தைத் தனியாகக் குறிப்பிட்டுக் காப்பதையும் அது துணைக்கு எடுத்துக்கொண்டது. அலாஸ்காவின் சட்டமன்றம் டிரோனுக்கு வாரண்ட் கேட்டது 2014இல். ஆள் ஏறிய விமானத்துக்கும் அதையே கேட்க மேலும் பத்தாண்டு ஆயிற்று. அந்த எல்லைக்கு வெளியே, சாண்டா கிளாராவின் பத்தடி வேலிக்கு மேல், 1986ஆம் ஆண்டுத் தீர்ப்பு இன்றும் செல்லுபடியாகிறது.